பழைய புல்லட்டை வீட்டிலேயே கஃபே ரேசராக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் ஒரே வகை வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டு, 2010-ஐ ஒட்டி நிறுத்தப்பட்ட, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட். அப்பாவிடமிருந்து வந்த அத்தகைய வண்டி ஒன்றை வீட்டுப் போர்ட்டிகோவில் வைத்துப் பதினான்கு மாதங்களில் மாற்றியபோது நண்பர்களும் அக்கம்பக்கத்தினரும் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன. வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கஃபே ரேசர் என்பது என்ன? தாழ்ந்த ஹேண்டில்பார் போட்டால் போதுமா?

போதாது. 1950-களிலும் 60-களிலும் லண்டன் இளைஞர்கள் தங்கள் அன்றாட மோட்டார் சைக்கிளைப் பந்தய வண்டியைப் போல ஆக்க முயன்றதிலிருந்து பிறந்த வடிவம் இது. நகரின் வடக்கு வட்டச் சாலையில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே அவர்கள் கூடும் இடமாக இருந்தது. அது 1969-இல் மூடப்பட்டு 2001-இல் மறுபடியும் திறக்கப்பட்டது. இசைப்பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் குறிப்பிட்ட இடம் வரை போய்த் திரும்பினார்கள் என்ற கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கட்டிச் சொன்னது என்பது வேறு விஷயம். மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதே அவர்களின் கனவு. அதற்காகத் தேவையற்ற எடையைக் கழற்றினார்கள், காற்று எதிர்ப்பைக் குறைக்க உடலைத் தாழ்த்தினார்கள், நார்ட்டன் மோட்டார் சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் ட்ரையம்ஃப் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஏற்றி அந்தக் கலப்புக்கு ட்ரைட்டன் என்று பெயரிட்டார்கள். ஆகவே ஹேண்டில்பார், கால் வைக்கும் இடம், சீட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓட்டுபவரின் உடலை எப்படி அமர்த்துகின்றன என்பதுதான் கஃபே ரேசர், மற்றவை அலங்காரம்.

என் புல்லட் 160-இல் போகுமா?

போகாது. சுமார் 18 குதிரைத்திறன் கொண்ட நீள்வீச்சு எஞ்சின் அது, அதாவது சிலிண்டரின் அகலத்தை விட பிஸ்டன் ஓடும் தூரம் அதிகம். 70 மில்லிமீட்டர் துளையில் 90 மில்லிமீட்டர் வீச்சில் ஓடும் பிஸ்டன் அமைதியாக இழுப்பதற்குப் பிறந்தது, அலறுவதற்கு அல்ல. 80-இல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உணர்வு கிடைக்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

எந்த வண்டியை எடுப்பது நல்லது? யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ மாற்றலாமா?

வண்டியை விட அதன் ஆவணங்கள் முக்கியம். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பதிவின் முதல் 15 ஆண்டுகள் முடிந்திருந்தால், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். எண் தேய்ந்துபோன வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஆர்.எக்ஸ். 100, மைசூரில் தயாரான யெஸ்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை, முழுமையாகவும் அசல் உதிரிபாகங்களோடும் இருப்பவற்றைத் தொடாமல் விடுவதே நியாயம். அவற்றை அசல் நிலைக்குக் கொண்டுவர விரும்புவோர் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சீட், மட்கார்டு, சைலன்சர் எல்லாம் ஏற்கெனவே தொலைந்துபோய், எஞ்சினும் சட்டமும் மட்டும் ஒழுங்காக உள்ள வண்டிதான் இந்த வேலைக்கு ஏற்றது.

இது சட்டப்படி சரியா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் எல்லாத் திட்டமும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழில் உள்ளவை மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் பொருள் கொண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒலி, புகை விதிகளை மீறுவதற்குத் தனி அபராதம் உண்டு. பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால்தாங்கி, சேலை சிக்காமல் தடுக்கும் காப்புக் கம்பி ஆகியவையும் விதிப்படி இருந்தே ஆக வேண்டும். வண்ணத்தை மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

ஆகவே சட்டத்தை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டுவது, எஞ்சினை மாற்றுவது, இருக்கை எண்ணிக்கையைக் குறைப்பது ஆகிய மூன்றையும் இந்தப் பதில்களிலிருந்து முழுவதுமாக விலக்கியிருக்கிறேன். மற்ற மாற்றங்களையும் தொடங்குவதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி விபத்துக் காப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தை வெட்டாமல் கஃபே ரேசர் தோற்றம் எப்படி வரும்?

நான் எனக்கு விதித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: ஸ்பேனரால் மாட்டியது எதுவோ, அது ஸ்பேனரால் கழற்றப்படும்படி இருக்க வேண்டும். வெல்டிங் பொறி சட்டத்தின் மேல் படக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்தால் வண்டியை அசல் நிலைக்குத் திருப்பிவிட முடிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு இதுவே வடிவத்தைத் தீர்மானித்தது.

பக்கவாட்டில் பார்க்கும்போது டேங்கின் அடிவிளிம்பும் சீட்டின் அடிவிளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் அமைந்தால் பாதித் தோற்றம் வந்துவிடும். முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை ஒரு நூலைக் கட்டி, அதற்கு இணையாக இந்தக் கோட்டை அமையுங்கள். புல்லட்டின் அசல் டேங்க் பின்பக்கம் சற்றுச் சரிந்து உட்கார்ந்திருக்கும். அதன் பின்போல்ட்டின் அடியில் 8 மில்லிமீட்டர் ரப்பர் வாஷரை வைத்ததும் என் வண்டியின் கோடு நேரானது. ஆறு ரூபாய் வாஷர் செய்த இந்த வேலையைப் பார்த்து, கிரைண்டரை எடுக்கத் துடித்த என் நண்பர் அமைதியானார்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

எஞ்சினிலிருந்து. ஓடாத வண்டியை அழகுபடுத்தி வைத்திருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒரு மாதமாவது வண்டியை அசல் வடிவிலேயே ஓட்டுங்கள். எண்ணெய் எங்கே கசிகிறது, சூடானபின் ஐட்லிங் எப்படி நிற்கிறது, எந்த கியரில் சத்தம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க் பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் காண்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வால்வை இயக்கும் டேப்பெட்டைக் குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்கும்போது சரிபாருங்கள்: வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடை இரண்டு விரல்களால் பிடித்துச் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அளவுக்கருவி சொல்வதை விட விரல் சொல்வது இங்கே நம்பகமானது. அதன்பின் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஸ்டீயரிங் கோன்செட், சக்கர பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெல்ல இரு பக்கமும் திருப்பும்போது நேர்நிலையில் ‘கடக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவது போலத் தோன்றினால் கோன்செட்டில் குழி விழுந்துவிட்டது. அதை மாற்றாமல் தாழ்ந்த ஹேண்டில்பார் போடுவது ஆபத்து.

கிளிப்-ஆன் போடலாமா?

புல்லட்டில் எளிதல்ல. கிளிப்-ஆன் என்பது ஃபோர்க் குழாயையே நேரடியாகக் கவ்விப் பிடிக்கும் இரண்டு தனித்தனிக் கைப்பிடிகள். புல்லட்டிலோ ஹெட்லைட்டும் ஆம்ப்மீட்டரும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய வார்ப்புத் தலைதான் ஃபோர்க்கின் மேல்தாங்கியும் ஆகும். அதை நீக்கினால் வண்டியின் முகமே போய்விடும் என்பது என் கருத்து. வேறு மேல்தாங்கியை லேத் பட்டறையில் கடைந்து வாங்குவது முதல் வண்டிக்கு ஏற்ற வேலையும் அல்ல.

அசல் கவ்விகளிலேயே மாட்டக்கூடிய, முன்னே வளைந்து கீழே இறங்கும் ஒற்றைக் குழாய் ஹேண்டில்பார் கடைகளில் கிடைக்கிறது. ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தைக் கவிழ்த்தது போன்ற வடிவம். அதை மாட்டியபின் மூன்று சோதனைகள் கட்டாயம். இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பும்போது கட்டைவிரலுக்கும் டேங்குக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பிரேக், கிளட்ச் கேபிள்கள் எங்கும் மடங்கக் கூடாது. எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை முழுவதும் திருப்பும்போது சத்தம் ஏறினால், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அது யூ-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாய்வதில் போய் முடியும்.

கால் வைக்கும் இடத்தைப் பின்னால் தள்ளலாமா?

தள்ளாவிட்டால் முதுகு கேட்காது. கைகள் தாழ்ந்து கால்கள் முன்னேயே இருந்தால் உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப் போகும்.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருப்பதை மறக்க வேண்டாம். கிக்கரும் வலப்பக்கம்தான் என்பதால், பின்னே தள்ளிய கால்தாங்கி கிக்கரின் பாதையில் குறுக்கிடும். மடக்கக்கூடிய கால்தாங்கிதான் இதற்கு வழி. கியருக்கு இணைப்புக் கம்பி வைக்கும்போது இரு முனைகளிலும் உள்ள நெம்புக் கைகள் ஒரே திசையை நோக்கியிருந்தால் கியர் வரிசை மாறாது. ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் நோக்கினால் வரிசை தலைகீழாகும். முதல் கியருக்கு மேலே தூக்கிப் பழகிய கால், அவசரத்தில் பழைய வழக்கத்துக்கே போகும். பிரேக் பெடலின் நெம்பு விகிதம் அசலில் எவ்வளவோ அவ்வளவே புதியதிலும் இருக்க வேண்டும். அளந்து எழுதிவைத்துவிட்டுக் கழற்றுங்கள். இந்தத் தகடுகளை நான் 8 மில்லிமீட்டர் அலுமினியத்தில் லேத் பட்டறைக்காரரிடம் செய்து வாங்கினேன். அட்டையில் வெட்டி மாட்டிப் பார்த்து, மூன்றாவது அட்டை சரியாக வந்தபின்தான் உலோகத்துக்குப் போனேன்.

சீட்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், இந்த வேலையில் மிகுந்த மகிழ்ச்சி தருவதும், மிகுந்த குப்பை சேர்ப்பதும் இதுதான்.

பின்புறம் திமில் போல உயர்ந்த ஒற்றை இருக்கைதான் எல்லோருடைய கண்ணிலும் நிற்கும். ஆனால் இருக்கை எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் நான் இருவர் அமரும் தட்டையான சீட்டைச் செய்து, பின்பாதியை மூடும் திமிலைத் தனி உறையாக இரண்டு திருகாணிகளில் மாட்டினேன். ஆள் ஏறினால் உறை கழன்று வீட்டில் இருக்கும்.

அடித்தட்டுக்கு ஃபைபர் போதும். முதலில் சட்டத்தின் மேல் அட்டையும் களிமண்ணும் வைத்து வடிவத்தை எடுத்து, அதன்மேல் பழுப்பு நிற பேக்கிங் டேப்பை இடைவெளியின்றி ஒட்டி, தரைக்குப் பூசும் மெழுகைத் துணியால் இரண்டு முறை தேய்த்தேன். அதன்மேல் ரெசினில் நனைத்த கண்ணாடி இழைப்பாயை நான்கு அடுக்காகப் படியவைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக்குமிழிகளைத் தூரிகையால் குத்தி வெளியேற்ற வேண்டும். என் முதல் முயற்சியில் களிமண்ணுக்குப் பதில் தெர்மகோலைச் செதுக்கி, டேப் ஒட்டாமல் நேரடியாக ரெசினைப் பூசிவிட்டேன். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைக்கும் என்பது அப்போது தெரியாது. இரண்டு மாலை நேரம் செதுக்கிய வடிவம், என் கண்முன்னே, வெயிலில் வைத்த ஐஸ் போல உள்வாங்கிக் குழிந்தது.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். மாலையில் சிறு சிறு அளவாகக் கலந்து வேலை செய்யுங்கள். முகமூடி இல்லாமல் உலர்ந்த ஃபைபரைத் தேய்க்கவே கூடாது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தும் இரண்டு நாள் அரிப்பு இருக்கும். மேலே 25 மில்லிமீட்டர் கெட்டி நுரை போதுமானது. உறை தைப்பதைச் சீட் கவர் தைப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

டேங்கை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஃபைபர் டேங்க் அழகாக இருக்கும். ஆனால் இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருப்பதால், சாதாரண ரெசினில் செய்த டேங்க் உள்ளிருந்து இளகிக் கார்புரேட்டருக்குள் பிசினாக இறங்கும். அசல் இரும்பு டேங்கின் உள்துருவை நீக்க, அதனுள் கொஞ்சம் டீசலோடு கையளவு சிறு நட்டுகளைப் போட்டுப் போர்வையில் சுற்றி உருட்டுங்கள். போடும் முன் நட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நான் நாற்பது போட்டேன், முப்பத்தொன்பது வந்தது. கடைசி ஒன்று வெளியே வர ஒரு முழு மாலை பிடித்தது.

பெட்ரோல் இருந்த டேங்கில் ஓட்டையை வீட்டில் வெல்டு செய்ய முயலாதீர்கள். காலியான டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் கூம்பு ஃபில்டர் போடலாமா? சைலன்சர்?

சட்டத்தின் நடுவே காலி இடம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலர் செய்வது இது. காற்று கூடுதலாக நுழையும்போது கலவையில் பெட்ரோல் குறையும்; எஞ்சின் சூடேறும், ஆக்சிலரேட்டரை மூடும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் வரும். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை செறிவாகும். போதாவிட்டால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சில கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் சரி, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சின்களில் இந்தக் கடைசி நிலை பிஸ்டன் பிடித்துக்கொள்வதில் முடியும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

நான் பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன். சைலன்சரும் அசல்தான், விதிமீறல் ஒரு பக்கம் இருக்க, காலை ஐந்தரைக்கு வண்டியை எடுப்பவனுக்குத் தெருவோடு உறவு முக்கியம்.

பிரேக்கை என்ன செய்வது?

டிஸ்க் பிரேக்குக்கு மாற்றுவதற்கு முன், டிரம் பிரேக் அதன் முழுத் திறனோடு வேலை செய்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் செய்வதில்லை. புதிய லைனர் போட்டு, டிரம்மின் உட்புறத்தை லேத்தில் லேசாகக் கடைந்து வட்டமாக்கி, புதிய கேபிள் மாட்டுங்கள். பிரேக் பிடிக்கும் தருணத்தில் கேபிளுக்கும் டிரம்மில் உள்ள நெம்புக் கைக்கும் இடையே செங்கோணம் இருந்தால்தான் முழு நெம்புவிசை கிடைக்கும். லைனர் தேயத் தேய இந்தக் கோணம் கெடும். உள்ளே படிந்த தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடையுங்கள்.

வயரிங்?

வயர்க் கட்டான ஹார்னெஸை வெட்டாமல், ஒவ்வொரு இணைப்பையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, காகிதப் பட்டியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். இன்டிகேட்டர், கண்ணாடி, பிரேக் லைட் எதையும் நீக்க வேண்டாம்; சிறியதாக மாற்றலாம், இல்லாமல் செய்யக் கூடாது. பேட்டரியிலிருந்து வரும் முதல் வயரில் ஃபியூஸ் இருக்கட்டும். பழைய ரெகுலேட்டரோடு லித்தியம் பேட்டரி மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடை எவ்வளவு குறையும்?

கழற்றி வைத்த அசல் சீட், கேரியர், லெக்கார்டு, கருவிப்பெட்டிகளை எல்லாம் தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினேன்; 19 கிலோ. கடைக்காரர் விலை சொல்லத் தொடங்கியதும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிட்டேன்.

பணமும் காலமும் எங்கே போகும்?

குரோம், பெயின்ட், டயர் ஆகிய மூன்றிலும் பணம் போகும். உதிரிபாகத்துக்குக் காத்திருப்பதில் காலம் போகும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் உண்டு. புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கினால் வண்டியின் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். பெயின்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை வண்ணமில்லாமல் மாட்டி, ஓட்டி, கழற்றி, அதன்பிறகே பெயின்டருக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பளபளப்பில் ஸ்பேனர் கீறும்.

முதல் ஓட்டத்தின்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விடியற்காலையில், வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும், 5 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பையில் ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் பிணைக்கம்பியும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் சக்கர அச்சு, ஹேண்டில்பார் கவ்வி, கால்தாங்கித் தகடு ஆகியவற்றின் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பிறகு 50 கிலோமீட்டரிலும் 200 கிலோமீட்டரிலும் மறுபடியும். ஒவ்வொரு நட்டிலிருந்தும் அது உட்காரும் உலோகம் வரை வெள்ளை பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவையுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. என் வண்டியில் 200 கிலோமீட்டரில் முறிந்திருந்தது ஒன்றுதான்: இடப்பக்கக் கால்தாங்கியின் பின்நட்டு. அதற்கு இப்போது நைலான் வளையம் உள்ள நட்டு போட்டிருக்கிறேன்.